கொண்டை ஊசி வளைவு

இந்தச் சாரலுக்கு நான் வீட்டில் இருக்க மாட்டேன்!

இது தீர்மானம். ஆட்சேபம் செல்லாது. அப்பீல் கிடையாது.

தென்காசியில் வீடு வைத்திருக்கிறவனுக்குத்தான் இந்தத் தீர்மானத்தின் அருமை தெரியும். ஆனி பிறந்து, மேற்கே மேகம் இறங்கி, முகத்தில் நாலு தூற்றல் விழுந்ததோ இல்லையோ, உறவுக்காரர்களுக்கு நம் மேல் பாசம் பொங்கிவிடும். குற்றாலத்தில் தண்ணீர் விழும். நம் வீட்டில் ஆள் விழும். அருவியாவது ஆவணியில் கொஞ்சம் ஓயும். சிவகிரியிலிருந்து வரும் என் மனைவியின் சித்தப்பா ஓய மாட்டார். குடும்பத்தோடு வருவார். எண்ணெய் மட்டும் கொண்டுவர மாட்டார். அது என் வீட்டு எண்ணெய். தேய்த்துவிடுவதும் நான்தான். அவர் முதுகு சாதாரண முதுகா? ஒரு கோட்டை நெல் விதைக்கிற வயல். இந்தக் கோடியில் ஆரம்பித்து அந்தக் கோடிக்குப் போவதற்குள் என் தோள் கழன்றுவிடும்.

நான் நல்லக்கண்ணு. முன்சீப் கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தா. எந்தச் சாட்சி எதைச் சொல்ல வேண்டும், எதைச் சொல்லக் கூடாது என்று படித்துக் கொடுக்கிற ஆள். கோர்ட்டில் என்னைக் கேட்காமல் என் வக்கீல் தும்மக்கூட மாட்டார். வீட்டில்தான் கொஞ்சம் வித்தியாசம். வாதியாக உள்ளே போவேன், குற்றவாளியாக வெளியே வருவேன். நான் ஒன்று சொன்னால் சங்கரம்மாள் ஒன்பது சொல்வாள். தாலி கட்டிய நாளிலிருந்து அவளிடம் நான் கேட்டுக்கொண்டிருப்பது ஒன்றே ஒன்றுதான்: "எதுத்துப் பேசாத!" அதற்கும் எதிர்த்துப் பேசுவாள்.

ஆகவே ரகசியமாகத் திட்டம் போட்டேன். நானும், துணிக்கடை பால்வண்ணநாதனும், வாடகை மோட்டார் துல்கர்னைனும். ஒரு வாரம். துணிக்கூரை போட்ட அந்தப் பழைய மோட்டாரில் செங்கோட்டை தாண்டி, புளியரையில் ஏறி, ஆரியங்காவு, பாலருவி, தென்மலை, குளத்துப்புழை என்று மலைமலையாகச் சுற்றுவது. மீனுக்குப் பொரி போடுவது. புனலூர் தொங்குபாலத்தில் நின்று வெற்றிலை போடுவது. எவன் முதுகுக்கும் எண்ணெய் தேய்க்காமல் இருப்பது.

துல்கர்னைன் ஒரே ஒரு எச்சரிக்கை கொடுத்தார்.

"பாதை பூரா கொண்டை ஊசி வளைவு வே. முன்னால போறோம்னு நெனப்பீரு. எட்டிப் பாத்தா பொறப்பட்ட எடத்துக்கு நேர் மேல நிப்பீரு."

நான் சிரித்தேன். ஊசி என்றால் அது யாருடைய கொண்டையில் இருக்கும் என்று அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும்.

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டில் தீர்மானத்தை வாசித்தேன்.

"ஏட்டி, ஆடி மொத வியாழக்கிழமை நான் மலைக்குப் போறேன். மோட்டார்ல. ஒரு வாரம்."

"நானும் வாறேன்."

"பொம்பளைக்கு மலை வளைவு ஒத்துக்காது. ரெண்டாவது வளைவுலயே குடலைப் புரட்டி எடுத்துரும்."

"ஒத்துக்கிட்டா?"

"ஒத்துக்காது."

"ஒத்துக்கிட்டா கூட்டிட்டுப் போவியளா?"

"எதுத்துப் பேசாத!"

"அன்னைக்குத்தான சிவகிரி சித்தப்பா வாறாக."

"அதுக்குத்தான போறேன்!"

"அவ்வளவு பேருக்கும் பொங்கிப் போடுதது யாரு?"

"நீதான். ஒங்க சித்தப்பாதான?"

சங்கரம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள். "வருசா வருசம் ஊருக்கெல்லாம் சாரல் விழுது. எனக்கு அடுப்புப் புகைதான் விழுது. குத்தாலத்துக்குக் கூப்பிடு தூரத்துல வாக்கப்பட்டு வந்தேன். ஒரு சாரலாவது நின்னு நனைஞ்சிருக்கேனா, சொல்லுங்க."

கேள்வி நியாயமானதுதான். நியாயமான கேள்விக்குக் கோர்ட்டில் என்ன செய்வோமோ அதைத்தான் நான் செய்தேன்.

"கேஸ் தள்ளுபடி!" என்றேன்.

"தள்ளுபடியாக்கும்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். எதிர்த்து ஒரு வார்த்தை இல்லை. ஜெயித்துவிட்டேன் என்று மீசையைத் தடவிக்கொண்டேன்.

அதன்பிறகு வீட்டில் சில அறிகுறிகள் தென்பட்டன. சாயங்காலம் கோர்ட்டிலிருந்து வந்தால் சங்கரம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். முகம் வெளுத்திருக்கும். ஓங்கரிப்பாள். காப்பி வாடையே ஆகவில்லை என்பாள். எந்நேரமும் வாயில் உப்பு நார்த்தங்காய். பக்கத்து வீட்டு ஞானபாக்கியம், ஆஸ்பத்திரி நர்ஸ், வந்து காதோடு காதாக என்னமோ பேசுவாள். நான் நுழைந்ததும் இரண்டு பேரும் வாயை மூடிக்கொள்வார்கள்.

நான் என்ன மாங்காய் மடையனா? வாந்தி, நார்த்தங்காய், நர்ஸ். சந்தர்ப்ப சாட்சியம் மூன்று சேர்ந்தால் எந்த ஜட்ஜும் தீர்ப்பு எழுதிவிடுவான். வீட்டில் ஏற்கெனவே நாலு. வரப்போவது அஞ்சாவது!

நேரே அடுப்படிக்குப் போனேன்.

"சங்கரம், நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். எனக்குத் தெரிஞ்சு போச்சு."

அவள் கையிலிருந்த நார்த்தங்காய் கீழே விழுந்தது.

"தெரிஞ்சிட்டா? யாரு சொன்னா?"

"ஒருத்தர் சொல்லணுமாக்கும்? எனக்குக் கண்ணு இல்லையா? எத்தனை நாளாச்சு?"

"ஒரு பத்து நாள் இருக்கும்."

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"ஞானபாக்கியம் அக்காவுக்கும் ஹைருன் பீவிக்கும்."

"துல்கர்னைன் பொண்டாட்டிக்குத் தெரியும், கட்டுன புருசனுக்குத் தெரியாது! ஏன் மறச்ச?"

"வைவியளோன்னு பயந்துதான்."

"வைவேனா? சந்தோசமான சமாச்சாரம்லா இது!"

"சந்தோசமா? உங்களுக்கா?" அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அஞ்சு தடவை ஆயிட்டுங்க."

"அதான் சொல்லுதேன்! அஞ்சாவதுன்னா கசக்குமா? நம்ம வீட்ல இன்னொரு தொட்டில் ஆடட்டும்!"

"தொட்டிலா?"

அவள் கண் அகலமாக விரிந்தது. பிறகு மெல்லத் தலை குனிந்தது. கால் பெருவிரல் தரையில் கோலம் போட்டது.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

கல்யாணமானதிலிருந்து அந்த வார்த்தையை அவள் வாயால் நான் கேட்டதே இல்லை. அப்படியே குளிர்ந்து போனேன். அந்தக் குளிரில் எனக்குப் புத்தி விறைத்துவிட்டது.

நான் நேரே காப்பி கிளப்புக்குப் போய்ச் சமாச்சாரத்தைப் பெருமையாகப் போட்டு உடைத்தேன். பால்வண்ணநாதன் வாயில் வைத்த காப்பியைத் துப்பினார்.

"போச்சு! நீரு மலை ஏறக்கூடாதுல்லா வே!"

"ஏனாம்?"

"பொண்டாட்டி புள்ளத்தாச்சியா இருக்கையில புருசன் மலை ஏறலாமா? கடல் தாண்டலாமா? தலைமயிரே வெட்டக்கூடாதும்பாக!"

"அதெல்லாம் கோட்டிக்காரன் கட்டிவிட்ட கதை. நான் ஏறுவேன். ஆரியங்காவு என்ன வே, அகத்தியமலை உச்சிக்கே ஏறுவேன்! எவன் தடுக்குதான்னு பாப்போம்!"

"நீரு ஏறும். நாங்க உம்மகூட ஏற மாட்டோம். வளைவுல வண்டி உருண்டா நீரு மட்டுமா உருளுவீரு?"

துல்கர்னைன் பக்கம் திரும்பினேன். "நீரு சொல்லும், ஓய்!"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. தெருவில் நின்ற மோட்டாரின் விளக்கைத் துடைக்கப் போய்விட்டார். ஏற்கெனவே பளபளவென்று இருந்த விளக்கு. "எனக்கும் வீடு வாசல் இருக்கு வே" என்று மட்டும் விளக்கிடம் சொன்னார்.

சரி, போகட்டும். நான் விட்டுக்கொடுக்கிறவன் இல்லை. மலைக்குப் போகாததையே ஒரு தியாகமாக்கி வீட்டில் அதிகாரம் செலுத்துவது என்று முடிவு செய்தேன். ஞானபாக்கியமும் இருக்கும் நேரம் பார்த்து ஆரம்பித்தேன். பெருமைக்கு ஒரு சாட்சி வேண்டாமா?

"சங்கரம், உனக்காக நான் மலைக்குப் போகல. அது மட்டுமில்ல, உனக்கு என்ன ஆசையோ கேளு. மசக்கைக்காரி ஆசைப்பட்டதைக் கொடுக்கலேன்னா புள்ளைக்குக் காதுல சீழ் வடியும். கேளு! அல்வாவா? பலாச்சுளையா?"

"என்ன கேட்டாலும் தருவியளா?"

"புருசன் வாக்கு. ஞானபாக்கியம் சாட்சி."

"மலை பாக்கணும்."

"அதான் வாசல்ல நின்னாலே தெரியுதே!"

"தூரத்துல தெரியுது. மோட்டார்ல போய்க் கிட்ட பாக்கணும். வளைவு வளைவா ஏறிப் பாக்கணும். ஒரு வாரம் பாக்கணும்."

"ஏளா, புள்ளத்தாச்சி மலை ஏறக்கூடாதுன்னு..."

"புருசனுக்குத்தான கூடாதும்பாக? பொண்டாட்டிக்குக் கூடாதுன்னு எங்கனயும் சொல்லியிருக்கா? நீங்க சட்டம் படிச்சவுக. சொல்லுங்க."

யோசித்தேன். தலைகீழாக நின்று யோசித்தேன். அப்படி ஒரு ஷரத்து எனக்குக் கிடைக்கவில்லை. கடைசி நம்பிக்கையாக நர்ஸைப் பார்த்தேன். "அவ ஒடம்பு தாங்குமாம்மா?"

ஞானபாக்கியம் கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டாள். "சத்தியமா சொல்லுதேன் அண்ணாச்சி, இந்தப் பயணத்தால அவ வயித்துல இருக்கதுக்கு ஒரு கெடுதலும் வராது. பயமா இருந்தா நானும் துணைக்குப் போறேன்."

எவ்வளவு நல்ல மனசு என்று நினைத்தேன். சவத்தெழவு, அப்படித்தான் நினைத்தேன்!

வியாழக்கிழமை காலை மோட்டார் வந்து நின்றது. முன்சீட்டில் துல்கர்னைன் பக்கத்தில் ஹைருன் பீவி. பின்சீட்டில் சங்கரம்மாளும் ஞானபாக்கியமும். அவர்களுக்கு நடுவே, மடியில் புளிச்சோற்றுத் தூக்குச்சட்டியோடு, பால்வண்ணநாதனின் சம்சாரம் முருகம்மாள்.

"நீ எங்க போற?" என்று என்னோடு வாசலில் நின்ற பால்வண்ணநாதன் அலறினார்.

"சங்கரம் மயினிக்குத் துணைக்கு" என்றாள் முருகம்மாள்.

நான் துல்கர்னைன் சட்டையைப் பிடித்தேன். "என்ன வே இது அநியாயம்?"

"வீட்ல உத்தரவு வே" என்று குனிந்தபடியே சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

புகை அடங்கியது. அடங்கிய புகைக்குப் பின்னால் சிவகிரி வண்டி நின்றது. அதிலிருந்து முதலில் ஒரு முதுகு இறங்கியது.

"மாப்பிளே! எண்ணெய் எங்க இருக்கு?"

அந்த ஒரு வாரத்தை எப்படிச் சொல்வேன்? காலையில் சித்தப்பா முதுகு. மத்தியானம் அடுப்பு, சுற்றித் தட்டோடு என் நாலு பிள்ளைகள். பால்வண்ணநாதன் அரிசி களைவார், நான் ஊதுவேன். அவர் ஊதுவார், நான் இருமுவேன். சோறு குழைந்தால் கஞ்சி என்றோம். குழையாவிட்டால் பொரி என்றோம். சித்திக்குக் காப்பி ஆறிப்போயிருந்தது. சித்தப்பாவுக்கு வெந்நீர் கொதித்துப்போயிருந்தது. வாசலில் ஜம்மென்று சாரல் விழுந்தது. என் மேல் ஒரு துளி படவில்லை. அப்போதும் நான் தோற்றதாக ஒத்துக்கொள்ளவில்லை. வம்சம் விளங்கத்தானே இத்தனை பாடு என்று புகைக்குள்ளேயே மீசையைத் தடவிக்கொண்டேன். கரி ஒட்டியது.

அடுத்த வியாழக்கிழமை சாயங்காலம் மோட்டார் திரும்பி வந்தது. நான் அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடினேன். எண்ணெய் சொட்டச் சொட்டச் சித்தப்பாவும் வாசலுக்கு வந்தார். சங்கரம்மாள் முகம் செழித்துப்போயிருந்தது. கதவைத் திறக்கும்வரைகூடக் காத்திராமல் மிதிபலகையில் கால் வைத்துத் தொப்பென்று குதித்தாள்.

"மெதுவா! மெதுவா!" என்று கத்தினேன். "ரெண்டு உசிரு!"

"எந்த ரெண்டு?" என்றாள்.

ஞானபாக்கியம் சட்டென்று மேற்கே திரும்பி மலையைப் பார்க்க ஆரம்பித்தாள்.

"வயித்துப் புள்ள, ஏட்டி!"

"வயித்துலயா? புளிச்சோறும் நார்த்தங்காயும்தான் இருக்கு."

"அப்ப அந்த ஓங்கரிப்பு?"

"அதா? நீங்க கோர்ட்டுக்குப் போனதும் ஹைருன் பீவிகூட துல்கர்னைன் அண்ணாச்சி மோட்டார்ல புளியரை வளைவு வரைக்கும் போய்ப் போய் வந்தேன். மலை வளைவு ஒத்துக்கிட்டாத்தான கூட்டிட்டுப் போவிய? பழகிக் காட்டுவோம்னு பாத்தேன். மொதல்ல குடலைப் புரட்டத்தான் செஞ்சிச்சு. இப்ப பாருங்க, ஒரு வாரமா ஒரு கொமட்டல் கெடையாது."

"பத்து நாள்னு சொன்னியே! அஞ்சு தடவைன்னு சொன்னியே!"

"பத்து நாள்ல அஞ்சு தடவை போனேன். அதத்தான கேட்டிய?"

எனக்குத் தலை சுற்றியது. வீட்டு வாசலிலேயே ஒரு கொண்டை ஊசி வளைவு. எட்டிப் பார்த்தால், புறப்பட்ட இடத்துக்கு நேர் மேலே கரண்டியோடு நிற்கிறேன்.

"அப்ப நான் புள்ளன்னு சொன்னப்ப, இல்லன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன ஏட்டி?"

சங்கரம்மாள் மெல்லத் தலை குனிந்தாள். கால் பெருவிரல் தரையில் அதே கோலத்தைப் போட்டது.

"எதுத்துப் பேசாத, எதுத்துப் பேசாதன்னு அடிச்சுக்கிடுவியளே அத்தான். அந்த ஒரு தடவை உங்க சொல்லக் கேட்டுப் பாத்தேன்."