மெட்ராஸ் ஐ வந்த ஜவுளிக்காரன்

துணி விற்கிறவனுக்கு வரக்கூடிய கர்வங்களில் மோசமானது, நிறத்தைப் பற்றி யாரும் தனக்குச் சொல்லித்தர வேண்டாம் என்கிற கர்வம். எனக்கு அது மூக்கு முட்ட இருந்தது. கச்சிராயபாளையம் ரோட்டில் எங்கள் ஜவுளிக்கடை. கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வருகிறவர்கள்கூட என்னைக் கேட்டுத்தான் கலர் எடுப்பார்கள். (அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.)

அந்தச் சமயம் அத்தாவுக்குக் கீழ்ப்பல் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. தாடை எலும்பு கரைந்துபோயிருந்ததால், எலும்புத்தூள் வைத்து, திருகு போல ஒன்றைப் பதித்துத் தைத்திருந்தார் பல் டாக்டர். அது சீக்கிரம் ஆறட்டும் என்று அவ்வப்போது கூப்பிட்டு லேசர் வெளிச்சம் காட்டுவார்.

"இது ஒரு தொணைக்குத்தாங்க. எலும்பு தானாத்தான் புடிக்கணும். தையல் பிரிஞ்சிடப் போவுது, வாயப் பெருசா தெறக்காதீங்க" என்பார்.

பல் கட்டச் சொல்லி நச்சரித்தது அத்தாவின் தங்கை சபியா மாமி. "சிரிச்சா பாக்க சகிக்கலண்ணே" என்று முகத்துக்கு நேரே சொல்லுவார்.

லேசர் காட்டும்போது பக்கத்தில் நிற்பவரும் கண்ணாடி மாட்ட வேண்டும். டீ நிறத்தில் பெரிய கண்ணாடி. என் மூக்குக்கண்ணாடிக்கு மேலேயே உட்கார்ந்துகொள்ளும். அப்படி நான் நின்றிருந்தபோதுதான் போன் வந்தது. சபியா மாமி மவுத்தாகிவிட்டார். மாரடைப்பு.

அத்தாவை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு பறந்தேன். ஊரே பழுப்பாகத் தெரிந்தது. துக்கம் என்றால் இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டேன். சின்ன வயதிலிருந்து கண்ணாடி போடுகிறவனுக்கு மூக்கின் மேல் ஒன்று இருக்கிறதா இரண்டு இருக்கிறதா என்று எங்கே தெரிகிறது?

மாமி வீட்டிலும் யாரும் சொல்லவில்லை. எனக்கு மெட்ராஸ் ஐ என்று நினைத்து ஆளாளுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். (என் துக்கத்தைப் பார்க்கத் தாங்கவில்லை என்று நான் எடுத்துக்கொண்டேன்.) அத்தா தங்கையின் முகத்தைப் பார்த்தபடி, தையலுக்குப் பயந்து, உதட்டை இறுக மூடிக்கொண்டு அழுதார். வாய்விட்டு அழக்கூட முடியாத மனிதரைப் பார்த்துக்கொண்டு நிற்பது கொடுமை.

பொழுது சாய்ந்ததும் வரும் மஃரிப் தொழுகைக்குள் அடக்கம். மய்யித்தைச் சுற்றும் வெள்ளைத் துணி, கஃபன் துணி, என் பொறுப்பு. மாமிக்கு நான் செய்யக்கூடிய கடைசிக் காரியம் அது. கடையைத் திறந்து, பார்த்துப் பார்த்து நல்ல காட்டன் துணியாக வெட்டிக் கொண்டுவந்து, குளிப்பாட்டும் பெண்களிடம் உள்ளே கொடுத்தனுப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் மாமியின் மகள் ரஹீமா அந்தத் துணியோடு வெளியே வந்தாள்.

"இன்னா துணி மச்சான் இது?"

"கஃபன் துணிம்மா."

"மஞ்சளா கீது."

"வெள்ளதான். ஜவுளிக்காரனுக்கே வெள்ளய சொல்லித்தர்றியா?"

அத்தா எழுந்து வந்தார். என் முகத்திலிருந்து டாக்டரின் கண்ணாடியைக் கழற்றினார்.

ரஹீமா கையில் இருந்தது பளிச்சென்ற சந்தன மஞ்சள், ஜாக்கெட் லைனிங் துணி. யாரோ களுக்கென்று சிரித்துவிட்டு, சிரித்ததற்காகவே அழுதார்கள். வேறொருவர் ஓடிப்போய் வெள்ளைத் துணி வாங்கி வந்தார். நான் சுவரோரமாக நின்றேன். அன்றைக்குப் போல என்னை நானே வெறுத்ததில்லை.

அத்தாவுக்கு எலும்பு நன்றாகப் பிடித்துக்கொண்டது. பல்லும் வந்துவிட்டது. யாரிடம் போய்க் காட்டுவது என்றுதான் அவருக்குத் தெரியவில்லை.

எங்கள் குடும்பத்தில் யார் கல்யாணத்துக்குத் துணி எடுக்க வந்தாலும், "மொதல்ல அந்தக் கண்ணாடியக் கழட்டு" என்றுதான் ஆரம்பிப்பார்கள். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். ரஹீமா மட்டும் சிரிக்கமாட்டாள். மாமா இறந்ததிலிருந்து மாமி வெள்ளைச் சேலையைத் தவிர வேறு கட்டியதில்லை. எல்லாம் என் கடையில் நான் எடுத்துக் கொடுத்ததுதான்.

போன பெருநாளைக்கு வந்திருந்தபோது எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு ரஹீமா சொன்னாள்:

"எத்தினி வருசம் கழிச்சி அம்மா பக்கத்துல ஒரு கலர் துணி வந்துச்சு மச்சான். நாந்தான் வெளிய எடுத்துக்கினு வந்துட்டேன்."