யாரும் இறங்காத ஆட்டம்

நிர்வாக நலன் கருதியும், ஊழியர்களிடையே நட்புறவு மேம்படும் பொருட்டும், ஒவ்வொரு பிரிவும் முப்பது நாட்களுக்குள் இதுவரை எங்கும் இல்லாத ஒரு சீட்டாட்டத்தைக் கண்டுபிடித்து, நண்பர்களாகச் சேர்ந்து ஆடி, அறிக்கை அனுப்ப வேண்டும் என்று எங்கள் இயக்குநர் சுற்றறிக்கை விட்டார்.

அவர் மூன்று நாள் பயிற்சிக்குப் போய்த் திரும்பியிருந்தார். போன வருடப் பயிற்சியிலிருந்து திரும்பியபோது, மேசைக்கு ஒரு தொட்டிச்செடி வைத்து அதனோடு தினமும் இரண்டு நிமிடம் பேச வேண்டும் என்று உத்தரவு வந்தது. பேசினோம். செடிகள் செத்தன. என்ன பேசினீர்கள் என்று எல்லோரிடமும் விளக்கம் கேட்டார்கள்.

உரிமப் பிரிவில் நாங்கள் நான்கு பேர். தலைமை எழுத்தர், தட்டச்சு அக்கா, தபால் அண்ணன், நான். உணவு இடைவேளையில் கோப்புக்கு அடியில் சீட்டை மறைத்து, வருடக்கணக்காக ஒரே ஆட்டத்தைத்தான் ஆடிவந்தோம். அதுவரை சீட்டாடினால் மெமோ. இனி ஆடாவிட்டால் மெமோ.

"நீதான் படிச்சவன், நீயே கண்டுபிடி," என்றார் தலைமை எழுத்தர்.

"சார், நான் படிச்சது வணிகவியல்."

"நாங்க அதுவும் படிக்கலையே. ஆட்டம் நல்லா வந்தா உன் நிரந்தர ஃபைலை நானே இயக்குநர்கிட்ட கொண்டு போறேன். சொதப்பினா உன் பேர்லதான் ரிப்போர்ட் போகும்."

இரண்டு வருடத் தகுதிகாண் காலம் முடிந்து ஏழு மாதம் ஆகியும் எனக்கு நிரந்தர ஆணை வரவில்லை. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா துணி தேய்க்கிறவர். தினமும் காலையில் என் சட்டையைத் தேய்த்துக்கொண்டே, "ஆயிடுச்சா?" என்று கேட்பார். "இன்னும் இல்லப்பா" என்றதும் காலர் மீது பெட்டியை இன்னொரு முறை ஓட்டுவார். காலர் விறைப்பாக இல்லாததுதான் காரணம் என்று அவருக்கு ஒரு சந்தேகம்.

பேருந்தில் போகவர யோசித்து ஓர் எளிய ஆட்டத்தைத் தயார் செய்தேன். ஆளுக்குப் பதின்மூன்று சீட்டு. ஒருவர் முதல் சீட்டைப் போட்டு இறங்க, மற்றவர்கள் தொடர வேண்டும். பெரிய சீட்டுப் போட்டவருக்கு வெற்றி.

"ஆஸ் எத்தனை?" என்று கேட்டார் தலைமை எழுத்தர்.

"ஒண்ணு சார். ஆனா அதுதான் எல்லாத்தையும் விடப் பெரிசு."

"ஒண்ணு எப்படிப்பா ராஜாவை அடிக்கும்?"

"எல்லா ஆட்டத்திலயும் அப்படித்தான் சார்."

"ஆர்டர் காப்பி இருக்கா?"

இல்லை. ஆஸ் அன்றே கடைநிலைக்கு இறக்கப்பட்டது.

"ராணி எதுக்கு ராஜாவுக்குக் கீழே?" என்றார் அக்கா. "யார் முதல்ல சர்வீஸ்ல சேர்ந்தாங்கன்னு பார்த்தியா?"

பணிப்பதிவேடு கிடைக்காததால், தீர்ப்பு வரும்வரை இருவரும் சமம் என்று எழுதினேன். அடுத்து தபால் அண்ணன் ஜோக்கரைத் தூக்கிக் காட்டினார்.

"இவனுக்கு என்ன வேலை?"

"எந்தச் சீட்டு இல்லையோ அந்த இடத்துல வெச்சுக்கலாம்ண்ணே. அதுக்குன்னு தனியா இடம் கிடையாது."

மூன்று பேரும் சீட்டை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

"பாவம்," என்றார் அக்கா. "பெட்டிக்குள்ளயே இருக்கட்டும். வெளியில வந்தா ஏதாவது கேட்டுடப் போறான்."

இரண்டாவது வார முடிவில் விதிமுறைகள் நாற்பத்தொரு பக்கம் ஆகின. ஒருவர் கலைத்து, ஒருவர் சரிபார்த்து, ஒருவர் மேலொப்பமிட்ட பிறகே சீட்டைப் பிரிக்கலாம். ஆனால் யார் முதலில் இறங்குவது என்பதில் எல்லாம் நின்றது. எங்கள் அலுவலக வழக்கம் அப்படி. ஒரு கோப்பில் பத்துக் கையெழுத்து இருந்தாலும், பின்னால் பிரச்சினை என்று வந்தால் முதல் கையெழுத்துப் போட்டவரைத்தான் விசாரணைக்குக் கூப்பிடுவார்கள். மற்ற ஒன்பது பேரும் அவரை நம்பிப் போட்டவர்கள்.

"சின்னவன்தான் முதல்ல இறங்கணும்," என்றார் தபால் அண்ணன்.

"பெரியவங்க இருக்கும்போது நான் எப்படிண்ணே?" என்றேன். உண்மையில் பயம்.

கடைசியில் பதினேழாம் விதியை இப்படி எழுதினேன்: முதலில் இறங்குபவர் யார் என்பதை ஆட்டக்காரர்கள் அனைவரும் ஒருமனதாகத் தீர்மானிப்பர், தீர்மானிக்கும்வரை யாரும் இறங்கத் தேவையில்லை.

இயக்குநர் பார்வையிட வந்த அன்று, ஆளுக்குப் பதின்மூன்று சீட்டை விசிறியாக விரித்து நெஞ்சோடு அணைத்தபடி உட்கார்ந்திருந்தோம். என்னிடம் ஒரு ரெண்டு இருந்தது. ரெண்டைப் போட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. போடவில்லை. அரை மணி நேரம் மின்விசிறிச் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. இடைவேளை முடியும் மணி அடித்தது.

"யார் ஜெயிச்சது?" என்றார் இயக்குநர்.

"யாரும் இல்லை சார்," என்றேன்.

"தோத்தது?"

"யாரும் இல்லை சார்."

இயக்குநரின் முகம் மலர்ந்தது. சண்டை இல்லை, சச்சரவு இல்லை, புகார் மனு இல்லை. இருபது வருட சேவையில் இப்படியொரு நட்புறவைப் பார்த்ததில்லை என்றார். ஆட்டத்துக்கு 'நிலுவை' என்று அவரே பெயர் வைத்தார்.

அதற்குப் பிறகு நடந்தது என் கையில் இல்லை. எல்லாப் பிரிவுகளிலும் நிலுவை ஆடினார்கள். ஆட்டம் வெளியே போய் நாகரிகமானது. வசதியான வீடுகளில் நண்பர்களை அழைத்து, விளக்கை மங்கலாக்கி, சீட்டைப் பிடித்தபடி சும்மா உட்கார்ந்திருந்தார்கள். மனம் அமைதியாகிறது என்று ஒரு மருத்துவர் சொன்னார். எப்படிப் போடாமலிருப்பது என்று சொல்லித்தர வார இறுதி வகுப்புகள் தொடங்கின. அங்கே முதல் ஆறு மாதம் சீட்டையே கண்ணில் காட்ட மாட்டார்களாம். எங்கள் அலுவலக ஜன்னலுக்கு வெளியே வரிசையில் நிற்பவர்களும் ஆட ஆரம்பித்தார்கள். அவர்களுக்கு விதிகளைச் சொல்லித்தரத் தேவையே இருக்கவில்லை.

தலைமை எழுத்தர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். என் கோப்பை அவரே கொண்டு போனார். ஒரு வெள்ளிக்கிழமை பன்னிரண்டரை மணிக்கு நிரந்தரமாக்கல் குழு கூடியது. இயக்குநர், பணியாளர் அலுவலர், கணக்கு அலுவலர், சட்ட அலுவலர். நடுவில் என் கோப்பு. நான் கதவோரம், விறைத்த காலரோடு.

"தங்கமான பையன்," என்றார் பணியாளர் அலுவலர்.

"சந்தேகமே இல்லை," என்றார் கணக்கு அலுவலர்.

"சட்டப்படி தடை ஒண்ணும் இல்லை," என்றார் சட்ட அலுவலர்.

பேனா மேசை மீது இருந்தது. நான்கு பேரும் அதை அன்போடு பார்த்தார்கள்.

"தம்பி, விதியெல்லாம் நீதானே எழுதினே," என்றார் இயக்குநர். "யார் முதல்ல போடணும்?"

நாற்பத்தொரு பக்கத்தையும் யாரும் படித்திருக்க மாட்டார்கள். மூத்தவர்தான் முதலில் என்று ஒரே ஒரு பொய் சொல்லியிருந்தால் போதும். வாய் வரை வந்தது. யாராவது பதினேழாம் விதியைப் புரட்டிவிட்டால்?

"ஒருமனதா முடிவாகிற வரைக்கும் யாரும் போட வேண்டியதில்லை சார்."

நான்கு பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள். இயக்குநர் பேனாவை எடுத்து மூடி, தன் பையிலேயே செருகிக்கொண்டார். "இந்த நேர்மை இருக்கே, அதுதான் வேணும்," என்று வரிசையாக என் கையைக் குலுக்கினார்கள்.

பிரிவுக்குத் திரும்பியபோது உணவு மணிக்கு நான்கு நிமிடம் இருந்தது. ஜன்னலில் ரொட்டிக்கடைக்காரர் நின்றிருந்தார். அடுப்புக் கட்டி எட்டு மாதமாக உரிமத்துக்குக் காத்திருப்பவர். அவருடைய கோப்பு என் மேசையில்தான் இருந்தது. காகிதம் எல்லாம் சரி. நானே நான்கு முறை பார்த்துவிட்டேன். அதில் முதல் கையெழுத்துப் போட வேண்டியவன் நான்.

கோப்பைத் திறந்தேன். பேனாவை எடுத்தேன். பின்னால் அக்காவின் தட்டச்சுச் சத்தம் நின்றது. தபால் அண்ணன் முத்திரையைக் காற்றிலேயே பிடித்துக்கொண்டார்.

"தம்பி," என்றார் தலைமை எழுத்தர் மெதுவாக. "நீ இன்னும் நிரந்தரம் ஆகலை."

பேனாவை மூடினேன்.

"உட்காருங்கண்ணே," என்றேன் ஜன்னலைப் பார்த்து. "பரிசீலனையில இருக்கு."

"இருக்கட்டும் தம்பி, நின்னுக்கிட்டே ஆடறேன்," என்றார் அவர். "எட்டு மாசமா நானும் தோக்கலையே."