நீலக் கோட்டுக்குக் காவல்

"எலே குட்டப்பா, கோடு எதுவரைக்கும் போச்சு?" அடுத்த அறையிலிருந்து செயலாளர் சதாசிவன் கேட்டார்.

"பாதி வந்தாச்சு சாரே."

குட்டப்பன் கம்ப்யூட்டர் திரையில் ஊர்ந்த நீலக் கோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. முப்பது வருஷம் தறியிலிருந்து வந்த முண்டு வேட்டிக் கட்டுகளைச் சுமந்து தேய்ந்த கழுத்து, சும்மா ஒரு பெட்டியைப் பார்த்துக்கொண்டு இருந்ததில் இன்னும் அதிகமாக வலித்தது.

அமரவிளை ரோட்டோரத்து நெசவுச் சங்கத்துக்குக் கம்ப்யூட்டர் வந்து ஒரு வாரம். இனி மஸ்கட்டில் இருப்பவன் இன்டர்நெட்டில் பார்த்தே முண்டும் மேலே போடும் நேரியதும் வாங்கலாம் என்று சதாசிவன் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். அந்த இன்டர்நெட் கடையை மெஷினுக்குள் ஏற்ற தனுவச்சபுரத்திலிருந்து சஜி வந்திருந்தான். துணியைக் காட்ட ஒன்று, ஆர்டர் பிடிக்க ஒன்று, சரக்குக் கணக்குக்கு ஒன்று என மூன்று மெஷின் வேண்டும் என்று அதோடு வந்த புத்தகத்தில் இருந்ததாம். "ஒண்ணிலேயே ஏத்தித் தாறேன் சார்" என்று சஜி வாக்குக் கொடுத்திருந்தான். மூன்று ஆள் சுமையை ஒரு தலையில் ஏற்றுவது குட்டப்பனுக்குத் தெரியாத காரியமா?

"அண்ணா, கடை முழுசா ஏற இந்தக் கோடு வலப்பக்கம் போய் முட்டணும். அதுவரை கரண்டு போகப்பிடாது. போச்சுண்ணா இந்தப் பொத்தானை அமுக்கணும், முதல்லேருந்து வரும். நான் ஒரு சாயா குடிச்சிட்டு வாறேன்" என்று சொல்லிப் போனவன் போனவன்தான்.

காரியம் ஒழுங்காக முடிந்தால் குட்டப்பன் இனிச் சுமக்க வேண்டாம். மெஷின் அறைக்குக் காவல் வேலை. அது சதாசிவன் கொடுத்த வாக்கு.

நெய்யாறு அணைப்பக்கம் வானம் உறுமியது. துலா மாதம், ஐப்பசி இடிமழைக் காலம். இங்கே முதல் முழக்கத்துக்கே வீட்டிலுள்ள பிளக்கெல்லாம் சுவரை விட்டு வெளியே வந்துவிடும். கிளார்க் சுகுமாரியின் கை பழக்கத்தில் தானாகப் போய்ப் பிளக்கைப் பிடுங்கியது. திரை இருண்டது.

"எம்மோ, என்ன காரியம் செய்தே!"

"இடிச்சது கேக்கல்லியா? போன துலாத்தில எங்க டிவி புகைஞ்சாக்கும் போச்சு."

குட்டப்பன் பிளக்கைச் செருகிப் பொத்தானை அமுக்கினான். கோடு இடது ஓரத்தில் நூலாக மறுபடி தொடங்கியது. அவன் முதுகால் பிளக்கை மறைத்து நின்றான்.

அடுத்த இடிக்குச் சதாசிவனே ஓடிவந்தார். "பிளக்க ஊருலே!"

"ஊரப்பிடாதுண்ணு சஜி சொன்னான் சாரே."

"இங்க செக்கரட்டரி சஜியா?" அவனைத் தள்ளிவிட்டுப் பிளக்கைப் பிடுங்கினார்.

அவர் தலை மறைந்ததும் குட்டப்பன் மறுபடி செருகினான். முண்டுக் கட்டுக்குப் போடும் கயிற்றால் பிளக்கையும் போர்டையும் சேர்த்துச் சுற்றி, ஜன்னல் கம்பியில் மூன்று முடிச்சு போட்டான். இனி எவன் ஊருவான்?

கோடு முக்கால் தாண்டியபோது ஜன்னலில் மின்னல் வெள்ளையாக வெட்டியது. கை மயிர் குத்திட்டது. மெஷினே கருகிப்போனால் காவல் எதற்கு? இப்போது அவனே ஊரப் பார்த்தான். முடிச்சு அவிழவில்லை, அவன் போட்டதல்லவா! காலைச் சுவரில் ஊன்றி, சுமைக்காரன் பலம் முழுவதையும் சேர்த்து இழுத்தான். பிளக்கோடு போர்டும், போர்டோடு ஒரு கை சுவரும் வந்தன. அதே நொடியில் வாசல் தென்னையில் இடி விழுந்தது. பட், பட் என்று டியூப்லைட்டும் ஃபேனும் போனும் செத்தன.

நனைந்துகொண்டு சஜி வந்தான். போர்டு குட்டப்பன் கையிலேயே இருந்தது.

"மக்கா, மூணு தடவை போச்சு. கடைசியில நாந்தான் பிடுங்கினேன்." காவல் வேலையும் சுவரோடு போயிற்று என்றே நினைத்தான்.

சஜி பெட்டியைத் தடவினான், கயிற்றைப் பார்த்தான். பிறகு சதாசிவனிடம் திரும்பினான். "ஏத்தினது பாழ் சார். இந்த இடியில ஒரே மெஷினை நம்ப முடியாது. புத்தகத்தில சொன்னபடி மூணு வாங்கணும். குட்டப்பண்ணன் பிடுங்கல்லண்ணா இதுவும் கருகியிருக்கும்."

சதாசிவன் புகையும் தென்னையைப் பார்த்தார். "செரி, மூணு வாங்குவோம். குட்டப்பா, நாளையிலேருந்து நீ சுமக்கண்டாம். மூணுக்கும் நீயே காவல்."

கழுத்திலிருந்து ஒரு கட்டு இறங்கியதுபோல் இருந்தது. எதிரே ஓமனாவின் சாயாக்கடைக்குப் போய் உட்கார்ந்தான்.

"சஜி தங்கமான பயல், ஓமனா. இவ்வளவு நஷ்டம் வந்தும் ஒரு வார்த்தை திட்டல்ல."

ஓமனா சாயாவை ஆற்றிக்கொண்டே சிரித்தாள். "அவன் எதுக்குத் திட்டுறான்? 'ஒரு மெஷின்ல இது ஏறவே ஏறாது, செக்கரட்டரிட்ட எப்பிடிச் சொல்லுவேன் சேச்சி, இண்ணைக்கு ஒரு இடியாவது விழாதா'ண்ணு, நாலு சாயா குடிச்சு, இந்தப் பெஞ்சிலிருந்து வானத்தையாக்கும் பாத்துட்டிருந்தான்!"