பொறுப்புப் பூனை

சிரிக்காதீங்கடா. வாடகை வீட்டுல உக்காந்து இவ்வளவு சத்தமா சிரிச்சா சுவத்துல விரிசல் விழும். அதுக்கும் குடியிருக்கிறவன்தான் பொறுப்புன்னு நாளைக்கே சட்டம் வரும்.

விஷயம் இதுதான். எங்க அக்காவோட பூனை படுக்கையறைக் கதவைப் பிராண்டிடுச்சு. மூணே கோடு. ஹவுஸ் ஓனர் அதைப் பார்த்து, சொத்தே போன மாதிரி நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டாரு.

"காலி பண்ணும்மா."

அக்கா முன்னறையில மெஷின் போட்டுத் துணி தைக்குது. அந்தத் தெருவை விட்டா வாடிக்கை போச்சு, பொழப்பே போச்சு. "பழைய கதவுங்க, தானா உரிஞ்சிருக்கும்"னு ஒரு பிட்டைப் போட்டுப் பார்த்துச்சு. ஓனர் நேரா வாடகை ஆபீஸுக்கு ஓடிட்டாரு.

அங்கேருந்து சேத ஆய்வாளர் வந்தாரு. கதவை மோந்து பார்த்தாரு.

"சம்பந்தப்பட்ட பூனை எங்கே?"

"பீரோ மேல, சார்."

"வரச் சொல்லுங்க. என் முன்னாடி கீறிக் காட்டணும். நேரடி நிரூபணம் இல்லாம முடிவெடுக்க விதியில இடமில்லை."

அக்கா மீன் துண்டைக் காட்டுச்சு. ஓனர் மண்டி போட்டு, "கண்ணு, செல்லம், ஒரே ஒரு தடவை"ன்னு கெஞ்சினாரு. பூனை கொட்டாவி விட்டுட்டு, ஜன்னல் வழியா வெளிநடப்பு செஞ்சிடுச்சு.

ஆய்வாளர் அசரலை. "அதிகாரி லீவுல போனா பொறுப்பு அதிகாரி போடறதில்லையா? பொறுப்புப் பூனை போடுவோம். இந்த வீட்டுல வேலை வெட்டி இல்லாம படுத்துக் கிடக்கிறது யாரு?"

அக்கா யோசிக்கவே இல்லடா. என்னைக் கை காட்டுச்சு.

காலேஜைப் பாதியில விட்டதுக்கப்புறம் கிடைச்ச முதல் பதவி. விடுவேனா? நாலு கால்ல நின்னு, கரண்டிக் காம்பால கதவைப் பிராண்டினேன்.

"இன்னும் இயல்பா," ஆய்வாளர் சொன்னாரு.

"வால் இல்லாம பேலன்ஸ் வரலை, சார்."

"டேய், பாலிஷ் போகுதுடா!" ஓனர் அலறினாரு.

"விசாரணைக்கு இடைஞ்சல் பண்ணாதீங்க," ஆய்வாளர் அதட்டினாரு.

கதவுல கோடு போட இடம் தீர்ந்ததும் தீர்ப்பு வந்துச்சு.

"மேற்படி கதவைச் சேதப்படுத்தியது மேற்படி தம்பி என்பது கண்ணெதிரே நிரூபணம். தம்பி வாடகைதாரர் அல்ல. சம்பாதிக்காமல், சாப்பிட்டு, தூங்கி, கதவைக் கீறும் ஜீவன் வளர்ப்புப் பிராணி ஆகும். வீட்டுக்கு ஒரு பிராணிதான் அனுமதி. ரெண்டுல ஒண்ணை வெளியேத்தினா, நீங்க தாராளமா இங்கேயே இருக்கலாம்மா."

"அப்ப என் கதவு?" ஓனர் கேட்டாரு.

"அது அரசாங்க நிரூபணத்துல ஆன சேதம். அதுக்கு யாரும் பொறுப்பில்லை."

அக்கா என்னைப் பார்த்துச்சு. ஜன்னலைப் பார்த்துச்சு.

"அக்கா, நான் உன் கூடப் பொறந்தவன்!"

"அது எலி பிடிக்குதுடா."

இப்ப நான் அந்த ஆபீஸ்லயே நிரந்தரப் பொறுப்புப் பூனை. மாசச் சம்பளம், தனி நாற்காலி. நாளைக்கு உங்க ஒவ்வொருத்தன் வீட்டுக்கும் ஆய்வு வருது. சம்பாதிக்காம சாப்பிட்டுத் தூங்கற ஜீவனையெல்லாம் கணக்கெடுக்கப் போறாங்க. உங்க விலாசம் ஆபீஸுக்கு எப்படித் தெரியும்னு முழிக்காதீங்க.

போட்டுக் கொடுத்தது நான்தான்.