யாரும் கை வைக்காத மடிக்கணினி

பிஷ்கெக் நகரச் சந்தையில் என்னிடம் துணி வாங்கியவன் எவனும் சிரித்துக்கொண்டே வீடு திரும்பியதில்லை. சிறுவயதில் மூட்டை தூக்க வந்தவன் நான். பேரம் எனக்கு எழுத்தறிவுக்கு முன்னே வந்தது. எங்கள் ஊரில் ஒருவரின் புதுப் பொருளை முதன்முதலாகப் பார்க்கிறவர் அவர் கையில் ஏதாவது வைக்க வேண்டும். பைகாசி என்போம். அதனால் எதிரே புதுக் கோட்டு வந்தால் நான் வானத்தைப் பார்த்துக்கொண்டு நடப்பேன். இதுவரை எவனுக்கும் கொடுத்ததில்லை.

அப்படிப்பட்டவனைத்தான் மடிக்கணினி மிரட்டியது. "இந்த இயங்குதளத்துக்கு இனிப் பாதுகாப்பு இல்லை, புதியதற்கு மாறவும்" என்று திரையில் ஒரு பெட்டி. மூடினேன். கறிக்கடை ஈ மாதிரி மறுபடி வந்து உட்கார்ந்தது.

"மாத்திடலாங்க," என்றாள் என் மனைவி சல்கின். பள்ளிச் சீருடை தைத்து விற்கிறவள். "துணிக்கு வெட்டு மாதிரி வரையற புது புரோகிராம் பழசுல ஏற மாட்டேங்குது. பள்ளிக்கூடம் திறக்கறதுக்குள்ள தைச்சுக் குடுக்கலன்னா ஆர்டர் எதிர்வீட்டுக்காரிக்குப் போயிடும்."

"போகட்டும்! என் கிடங்குக் கணக்கு இதுக்குள்ளதான் இருக்கு. நான் பகடை போட்டு ஆடற நார்தி இருக்கு. மாத்தினா எல்லாம் அம்போ! லேப்டாப்பே கிழடு. புதுசை ஏத்தினா முதுகு ஒடிஞ்சு படுத்துரும்."

"எர்மெக் தாங்கும்னு சொல்றானே?"

எர்மெக் மாடிவீட்டுக்காரன். கணினி பழுதுபார்க்கிறவன்.

"செருப்புக் கடைக்காரன் பழைய செருப்பே போதும்னு சொல்வானா? முடியாதுன்னா முடியாது!"

"சரிங்க."

அவ்வளவுதான். கல்யாணமான நாளிலிருந்து அவள் ஒரே சொல்லில் தோற்றதில்லை. ஒரு வாரமாயிற்று, அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. தோற்றவள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு தைக்கிறாள்! எனக்குப் பொறுக்கவில்லை. சாட்சி வைத்து வெற்றியைக் கெட்டிப்படுத்திவிட முடிவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை எர்மெக்கைத் தேநீருக்கு அழைத்து, மடிக்கணினியைத் திறந்தேன். என் சாம்பல் குதிரையின் படம் பளிச்சென்று வந்தது.

"பாருடா தம்பி! கிழடாம்! தேநீர் ஊத்தறதுக்குள்ள தெறந்துக்குது. போன மாசம் இப்படி ஓடுச்சா? இல்ல. எசமான் தன் பக்கம்னு அதுக்குத் தெரிஞ்சுபோச்சு!"

"நல்லாத்தான் ஓடுதுண்ணே," என்றான் எர்மெக், கோப்பைக்குள் பார்த்தபடி.

"கணக்கு இருக்கா?"

"இருக்கு."

"நார்தி?"

"இருக்குண்ணே."

"கேட்டியாடி?"

"கேட்டேங்க. அப்ப இது இப்ப இருக்கறபடியே இருக்கட்டுங்கறீங்க," என்றாள் சல்கின்.

"இப்ப இருக்கறபடியே! ஒருத்தரும் கை வைக்கக் கூடாது!"

"நாளைக்கு நீங்களே வேற பேச்சுப் பேசினா?"

"நானா? இந்தா கை!"

ஆட்டுச் சந்தைத் தரகன் மாதிரி எர்மெக் நடுவில் நின்று, எங்கள் இருவர் கையையும் சேர்த்துப் பிடித்து, தோள் கழன்றுவிடுமளவுக்குக் குலுக்கினான். அப்படிக் குலுக்கிய பேரத்தை முறித்தவனிடம் சந்தையில் நாய்கூட எலும்பு வாங்காது.

கையை விட்டதும் சல்கின் மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பினாள். ஏதோ தட்டினாள். பாவாடை, சட்டை, காலர் என்று வெட்டு மாதிரிகள் திரை முழுக்க விரிந்தன.

"இது... பழசுல ஏறாதுன்னியே?"

"பழசுல ஏறாதுதான். நீங்க முடியாதுன்னு கத்திட்டுக் கடைக்குப் போன அன்னிக்கே எர்மெக் மாத்திக் குடுத்துட்டான். உங்க கணக்கு, நார்தி, குதிரை எல்லாத்தையும் அதது எடத்துலயே வெச்சுட்டோம்."

"மெமரியும் கொஞ்சம் கூட்டினேண்ணே," என்றான் எர்மெக். "அதான் எசமானை அடையாளம் கண்டுக்கிச்சு."

வாயைத் திறந்தேன். தோள் வலித்தது. குலுக்கிய கை நினைவுக்கு வந்தது. மூடிக்கொண்டேன்.

சல்கின் உள்ளங்கையை நீட்டினாள்.

"ஒரு வாரமாப் புதுசைப் பாத்துட்டிருக்கீங்க. பைகாசி எங்க?"

நிமிர்ந்து வானத்தைப் பார்த்தேன். கூரைதான் இருந்தது.