டொலர் அண்ணையும் வெர்மொன்ட் தாளும்

அமெரிக்க ஜனாதிபதிக்கே தெரியாத அமெரிக்க ஊர்களெல்லாம் வட்டுக்கோட்டை டொலர் அண்ணைக்குத் தெரியும். இத்தனைக்கும் மனிசன் காங்கேசன்துறைக் கடலைத் தாண்டியவரில்லை.

ஒரு காலத்தில் அந்த நாட்டின் சின்னச் சின்ன ஊர் வங்கிகளும் தங்கள் பெயரில் காசுத் தாள் வெளியிட்டன. ஊர்க் காசாளரே அதில் கையெழுத்துப் போடுவார். அந்தத் தாள்களைச் சேர்க்கும் பைத்தியம் யாழ்ப்பாணக் குடாநாட்டில் இரண்டு பேருக்குத்தான். ஒன்று அவர், மற்றது நான். அதனாலேயே அவரைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வீட்டுக்கு வந்தால், என் அல்பத்தைப் புரட்டி, செத்துப்போன காசாளர்களைப் பற்றிச் சொந்தக்காரர் மாதிரிக் கதைப்பார்.

“உந்த ஒஹையோக்காரன்ரை கையெழுத்தைப் பாரும். அவசரத்திலை போட்டிருக்கிறான். மனுசி சாப்பிடக் கூப்பிட்டிருப்பாள்.”

நான் வெறுந் தேத்தண்ணீரை வைத்துவிட்டு, கடித்துக் குடிக்கிற பனங்கட்டி முடிந்துபோச்சென்று பொய் சொல்லுவேன்.

அமெரிக்க மிஷன் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த ஒரு ரீச்சரின் பழைய வேதாகமத்துக்குள் வெர்மொன்ட் பக்கத்துத் தாள் ஒன்று கிடந்தது. எப்படியும் வாங்கிவிடுவதென்று கதலி வாழைக்குலையோடு போனேன். முதல் நாளே டொலர் அண்ணை பலாப்பழத்தோடு போய்விட்டார். ரீச்சர் அதை அவருக்கே கொடுத்துவிட்டார். நான் எரிந்த எரிச்சலில் அந்தக் குலை வழியிலேயே பழுத்திருக்கும்.

அடுத்த கிழமை கொண்டுவந்து காட்டினார். அடையாள அட்டையைப்போல லமினேற் பண்ணியிருந்தார்.

“என்ன வேலை பாத்தனியள் அண்ணை? பிளாஸ்ரிக் ஒட்டினால் பெறுமதி போச்சு, இனி உதை ஒருத்தரும் வாங்கமாட்டினம்.”

“நான் விக்கவோ வாங்கினனான்? சண்டைக்கை இடம்பெயரேக்கை காணி உறுதி, சேர்த்த தாளுகள் எல்லாம் மழையிலை பழுதாப் போச்சு. இது இனி நனையாது.”

எனக்கு உள்ளுக்குள் பரம சந்தோஷம். பெறுமதியான தாள்கள் இனி என்னிடம் மட்டும்தான்.

மாரி வந்தது. என் கூரை ஒழுகி, அல்பம் ஊறி, தாள்களெல்லாம் ஒட்டிப் பூசணம் பிடித்துவிட்டன. செய்தி கேட்டு டொலர் அண்ணை மழையிலேயே சைக்கிளில் வந்தார். வெர்மொன்ட் தாளைத் துடைத்து மேசையில் வைத்தார்.

“இதை நீர் வைச்சிரும். வெறும் அல்பத்தைப் பாத்துக்கொண்டு இருக்காதையும்.”

இதிலும் மனிசன் முந்திவிட்டாரே என்று வயிறெரிந்தது. எழும்பிப்போய்ப் பனங்கட்டி நிறைந்த ஓலைக் குட்டானை முழுதாகக் கொண்டுவந்து வைத்தேன்.

“முடிஞ்சுதெண்டனீர்?”

“உங்களுக்கெண்டு எடுத்து வைச்சது, அண்ணை.”

அதுவும் பொய்தான். ஆனால் அன்றிலிருந்து அவருக்கென்று ஒரு குட்டான் எடுத்து வைக்கிறேன்.