தோழரின் அவசரக் கூட்டம்

அகதியாக ஜெர்மனிக்கு வந்த தமிழர்களில், கிழக்கு ஜெர்மனியே போதும், மேற்கு வேண்டாம் என்று அடம்பிடித்த ஒரே ஆள் எங்கள் தோழர்தான். அந்தக் காலத்தில் கிழக்கு பெர்லினில் விமானம் இறங்கி, மேற்குக்கு ரயிலேற நாங்களெல்லாம் துடித்துக்கொண்டிருந்தோம். யாழ்ப்பாணத்தில் மொஸ்கோ சார்புக் கம்யூனிஸ்ட் கட்சிக்குச் சுவரொட்டி ஒட்டிய தோழரோ ஒரு பொலிஸ்காரனிடம் போய், தான் இங்கேயே தங்கப்போவதாகச் சொன்னார். அவன் பயந்துபோய், தானே கையைப் பிடித்து மேற்கு ரயிலில் ஏற்றிவிட்டான்.

"மேற்கிலை வேலை செய்யச் சொல்லிக் கட்சி அனுப்பியிருக்குது, தம்பி" என்று அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார்.

பிராங்பேர்ட்டில் எங்களுக்கு ஒரே கட்டடத்தில் எதிரெதிர் வீடு. வந்த கையோடு கட்சிக் கிளை தொடங்கினார். செயலாளர் அவர், உறுப்பினர் நான். அவர் வைக்கும் ஆட்டிறைச்சிக் கறிக்காகத்தான் சேர்ந்தேன். குப்பைத் தொட்டியை யார் வெளியே வைப்பது என்பதற்கும் தீர்மானம் எழுதி, வாசித்து, கை உயர்த்தவேண்டும். ஒருமுறை நான் கை உயர்த்தவில்லை. "உறுப்பினர் நித்திரையாய் இருந்தமையால் ஏகமனதாக நிறைவேறியது" என்று கூட்டக் குறிப்புக் கொப்பியில் எழுதிவிட்டார்.

அவர் வீட்டுச் சுவரில் சோவியத்தை ஆண்ட மீசைக்காரச் சர்வாதிகாரியின் படம். என் மாமியார் அதைத் தோழரின் தகப்பனார் என்று நினைத்துக் கும்பிட்டே விட்டார். மீசைக்காரர் செத்தபிறகு கட்சிக்காரர்களே அவரைக் குறை சொன்னதற்கும், கிழக்கு ஐரோப்பாவில் தொழிலாளர் தெருவில் இறங்கியதற்கும் தோழருக்கு ஒரே வரிதான்: "எல்லாம் வெளிநாட்டு ஏஜெண்டுமாரின்ரை வேலை!"

கீழ்மாடியில் ஃபிராவ் லேமன் என்ற ஜெர்மன் அம்மா தனியாக இருந்தார். எண்பது வயது. மனைவியை இழந்த தோழருக்கு உலகத்தில் ஒரே ஆறுதல், சனிக்கிழமைகளில் அந்த அம்மா கேக்கோடு கோப்பி குடிக்க மேலே வருவதுதான். நாங்கள் வந்து இருபது வருஷம் கழிந்திருக்கும்; அப்படியொரு சனிக்கிழமை, தொலைக்காட்சியில் 1953இல் கிழக்கு பெர்லினில் தொழிலாளர் செய்த கலகத்தின் பழைய படம் ஓடியது. நானும் இருந்தேன். தோழர் தன் வழக்கமான வரியை அரைகுறை ஜெர்மனில் எடுத்துவிட்டார்.

ஃபிராவ் லேமன் கோப்பையைக் கீழே வைத்தார்.

"என் அப்பா அங்கே கொத்தனார். கூலியைக் கூட்டாமல் வேலையைக் கூட்டினார்கள். ஊர்வலம் போனார். மூன்று வருஷம் சிறை. அவர் யாருடைய ஏஜெண்ட்?"

பதிலுக்குக் காத்திராமல் எழுந்து போய்விட்டார்.

மூன்று சனிக்கிழமைகள் அவர் வரவில்லை. தோழர் தாடி மழிக்கவில்லை, கறியும் வைக்கவில்லை. நாலாவது சனிக்கிழமை அவசரக் கூட்டம் என்று என்னைக் கூப்பிட்டார்.

"போய் மன்னிப்புக் கேட்டால் முடிஞ்சுது. கூட்டம் ஏன் தோழர்?"

"ஏலாது தம்பி. கிளை எடுத்த நிலைப்பாடு. கிளைதான் மாத்தவேணும்."

நாற்பது வருஷத்து நம்பிக்கை. புதுத் தீர்மானத்தை வாசிக்கும்போது குரல் இரண்டு தடவை உடைந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கையை உயர்த்தினேன்.

கொப்பியோடு கீழே இறங்கினோம். ஃபிராவ் லேமன் சங்கிலியைக் கழற்றாமல் கதவைத் திறந்தார். தோழர் தமிழில் வாசிக்க, நான் ஜெர்மனில் சொன்னேன்: "பெர்லினில் ஊர்வலம் போனவர்கள் தொழிலாளர்கள். இக்கிளை பிழையாகப் பேசியது. கொத்தனாரிடமும் அவர் மகளிடமும் மன்னிப்புக் கேட்கிறது."

"உங்கள் கிளையில் எத்தனை பேர்?"

"ரெண்டு பேர்" என்றார் தோழர், தலை குனிந்தபடி.

சங்கிலி கழன்றது. "அப்பாவுக்கு ஒரு பெயர் இருந்தது. அதையும் எழுதுங்கள்" என்றார்.

அவர் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, தோழர் வாசற்படியிலேயே உட்கார்ந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுதினார். இந்த மனிதர் ஒருநாள் இல்லாமல் போனால் நான் என்ன செய்வேன் என்று அப்போதுதான் முதல்முறையாகப் பயந்தேன்.